த்ரீ பேஸ் வந்த வழி

பிளஸ் டூ பொருளாதாரத்தில் ஆற்றலைப் பற்றி ஒரு பகுதி வரும். ஒரு நாட்டில் ஆளுக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று தெரிந்தால் அந்த நாடு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம் என்பது அதன் சாரம். விறகு, சருகு, வறட்டி எல்லாம் வணிகம் சாராத ஆற்றல். நிலக்கரி, பெட்ரோல், மின்சாரம் வணிக ஆற்றல். நாடு வளர வளர முதலாவது குறையும், இரண்டாவது கூடும். உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு பள்ளியில் பல வருஷமாக இதை நடத்திக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளுக்கு மார்க் வாங்க எளிதான பகுதி.

நடத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் மாலை விளக்கு வைத்த பிறகு எங்கள் மிக்சி சுற்றாது. எங்கள் குடியிருப்பு மலைச்சரிவில் இருக்கிறது. கீழே ரோட்டோரம் டிரான்ஸ்பார்மர். அங்கிருந்து சிங்கிள் பேஸ் மின்சாரம் மட்டும்தான் மேலே ஏறி வரும். கடைசி வீடு எங்களுடையது. வழியில் எல்லாரும் டிவியும் மோட்டாரும் போட்ட பிறகு மிஞ்சுவதுதான் எங்களுக்கு. "கரண்டு எடுக்குற அணையெல்லாம் நம்ம ஜில்லாவுல, மிக்சிக்கு மட்டும் கரண்டு இல்ல" என்று என் கணவர் சொல்லாத நாள் குறைவு. சட்னிக்குத் தேங்காயை மத்தியானமே அரைத்து வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.

அவருக்கு உண்மையில் மிக்சி ஒரு பொருட்டே இல்லை. ஏலக்காய் உலர்த்தும் மிஷின் ஒன்று வாங்க வேண்டும் என்பதுதான் அவர் மனதில் இருந்தது. பறித்த காயை அன்றைக்கே சூட்டில் ஏற்றாவிட்டால் பச்சை நிறம் மங்கிவிடும். வண்டன்மேட்டில் ஏலத்துக்கு வைக்கும்போது வியாபாரி முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். எங்கள் பக்கத்தில் எல்லாருடைய காயும் கீழே உள்ள ஒரே ஸ்டோருக்குத்தான் போகும். ஸ்டோர் என்றால் கடை இல்லை. விறகு எரித்து, குழாய் வழியாகச் சூட்டைச் செலுத்தி, அடுக்கடுக்கான தட்டுகளில் காயை உலர்த்தும் கட்டடம். பறிப்பு மும்முரமாக இருக்கும் மாதங்களில் அங்கே மூட்டைகள் வாசலில் வரிசையாக இருக்கும். முறை வருவதற்குள் எங்கள் காய் வெளுத்துப்போன வருஷங்கள் உண்டு.

மின்சாரத்தில் ஓடும் உலர்த்தியை அவர் வேறொரு விவசாயியின் தோட்டத்தில் பார்த்துவிட்டு வந்தார். அன்று முழுக்க அதே பேச்சு. "ஹீட்டர், பேன், அவ்வளவுதான். புகை கிடையாது. எவ்வளவு சூடுன்னு வச்சிட்டா அதுவே பாத்துக்கிடும்." அதை ஓட்ட மும்முனை மின்சாரம் வேண்டும். இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை, த்ரீ பேஸ் என்றுதான் சொல்வார்கள். நாங்கள் விண்ணப்பம் கொடுத்தோம்.

மின்வாரிய செக்ஷன் ஆபீசிலிருந்து ஓவர்சியர் வந்து பார்த்தார். மலையாளி, ஆனால் எங்களிடம் தமிழும் கலந்து பேசுவார். ரோட்டில் நின்று கையை நீட்டி மேலே எங்கள் வீட்டைக் காட்டினார்.

"டீச்சரே, நேரே இது வழியா லைன் வலிச்சால் எளுப்பம். பட்சே இந்த வீட்டுக்காரரோட சம்மதபத்ரம் வேணும். அது இல்லாதெ போஸ்ட் இடான் பற்றில்லா."

நேராகக் கம்பி இழுப்பது எளிது, ஆனால் நிலத்துக்காரர் சம்மதம் எழுதிக் கொடுக்காமல் கம்பம் நட முடியாது என்கிறார். அவர் கை நீட்டிய நேர்கோட்டில் இருந்தது எங்கள் கீழ்வீட்டு மதினியின் நிலம். ரத்த உறவு இல்லை. கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த நாளிலிருந்து நான் அவரை மதினி என்றும் அவர் கணவரை அண்ணன் என்றும்தான் கூப்பிட்டு வருகிறேன். மதினி எஸ்டேட்டில் காய் பறிக்கப் போகிறவர். சொந்தமாகக் கொஞ்சம் நிலமும் உண்டு, அதில் ஏலமும் நிழல்மரங்களில் ஏற்றிய மிளகுக்கொடியும். சத்தமாகச் சிரிப்பார். என் பிரசவத்தின்போது மழையில் ஜீப் பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். அதனால் கையெழுத்து ஒரு பெரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் அப்படியே அவர் வீட்டுக்குள் போய்விட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் மதினி சிரிக்கவில்லை.

"போஸ்ட்டு நட்டா அதோட போவுமா டீச்சர்? கம்பிக்குக் கீழ உள்ள மரமெல்லாம் வருஷா வருஷம் டச்சிங் வெட்டுதோம்னு மொட்டையடிச்சிருவாங்க. மரத்துல கெடக்க மொளகுக்கொடி என்ன ஆவும்? நெழலு போச்சுன்னா ஏலம் கருகிரும்லா?"

டச்சிங் என்பது கம்பியில் கிளை தொடாமல் கழித்துவிடுவது. அவர் சொன்னது நியாயம்தான். எவ்வளவு கிளை போகும் என்று ஓவர்சியரை வைத்தே அளந்து காட்டச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அளந்தும் காட்டினார்கள். ஒரு பலாவும் சில நிழல்மரங்களின் மேல்கிளைகளும்தான். மதினி அப்போதும் தலையாட்டவில்லை.

மறுவாரம் நான் மட்டும் போனேன். அவர் அடுக்களையில் புளி கரைத்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை மரத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

"நான் ஒண்ணு கேக்கேன், கோவிக்கக் கூடாது. ஒங்க மிஷினு ஓட ஆரம்பிச்சா கீழ ஸ்டோருக்கு யாரு காய் கொண்டு போவா?"

புளியைப் பிழிந்துகொண்டே அவரே தொடர்ந்தார்.

"ஒங்க அண்ணன் அங்கதான தீ போடுதாக. அவுகளுக்கு வேற என்ன தெரியும்? எங் கையால கையெழுத்தப் போட்டு அவுக வேலைய நானே போக்கவா?"

அண்ணன் அந்த ஸ்டோரில் வெகுகாலமாகத் தீ பார்ப்பவர். பகலும் இரவும் மாற்றி மாற்றி அடுப்பு முன் உட்கார்ந்து விறகு தள்ளுவதும் சூட்டைப் பார்ப்பதும் அவர் வேலை. அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் எங்கள் மிஷினையும் அவர் வேலையையும் நான் சேர்த்து யோசித்துப் பார்த்திருக்கவில்லை. ஸ்டோர் பெரிய எஸ்டேட்டுக்காரருடையது, எங்கள் ஒரு மிஷினால் அது மூடிவிடுமா என்று கேட்டேன்.

"ஒங்க மிஷினப் பாத்து அடுத்தவுக வாங்குவாக. அவுகளப் பாத்து இன்னொருத்தரு. எஸ்டேட்டு மொதலாளி மட்டும் வெறகு வாங்கிக்கிட்டே இருப்பாரா?"

நான் காப்பி குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் சுபாவத்தில் கோபக்காரர் இல்லை. ஆனால் அந்த வருஷம் வெளுத்த காயை எடுத்துக்கொண்டு ஏலத்துக்குப் போய்த் திரும்பி வந்தவர்.

"ஊருக்கே நல்லது வருது. ஒருத்தர் வேலைக்காக எல்லாரும் அப்படியே இருக்கணுமா? கலெக்டரேட்ல ஒரு பராதி குடுத்தாப் போதும். உத்தரவு போட்டு போஸ்ட்ட நட்டுருவாங்க."

அப்படி ஒரு வழி சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஓவர்சியரும் அதைச் சொல்லியிருந்தார்.

"நட்டுருவாங்க. அப்புறம் நீங்க ரோட்டுக்கு எந்த வழியா எறங்கிப் போவீங்க?" என்று கேட்டேன்.

எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை மதினியின் வாசலை ஒட்டித்தான் போகும். கணவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விட்டார். இந்தச் சண்டை எங்களுக்குள் ஒரு மாதம்போல நீண்டது. ஒரு நாள் அவர் சொல்வது சரி என்று படும், மறுநாள் மதினி சொல்வது. வகுப்பில் நான் கரும்பலகையில் போடும் வளைகோடு அழகாக மேலே ஏறிப்போகும். அந்தக் கோடு யார் நிலத்தின் வழியாகப் போகிறது என்று பாடப்புத்தகத்தில் கேட்க மாட்டார்கள்.

கடைசியில் சுற்றுவழி எடுத்தோம். எஸ்டேட் ரோட்டின் ஓரமாகப் போய், எங்கள் நிலத்தின் மேல்எல்லையில் திரும்பி, அங்கிருந்து கீழே இறங்குவது. கம்பம் அதிகம், வேலை அதிகம். போதாததற்கு மதினியின் மரங்களுக்குப் பதில் எங்கள் மரங்களைக் கழித்தார்கள். வீட்டுக்குப் பின்னால் நல்ல அடர்த்தியாக இருந்த ஒரு பட்டை முழுவதும் வெயில் அடிக்க ஆரம்பித்தது. அதன் கீழ் இருந்த ஏலச்செடிகளின் இலை பங்குனியில் பழுப்பேறிச் சுருண்டது. கணவர் அந்தப் பக்கம் போவதையே கொஞ்ச நாள் தவிர்த்தார். ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லி ஒரு வார்த்தை என்னைக் குத்திக் காட்டியதில்லை. அதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

மிஷின் வந்தது. ஜீப்பில் கொண்டுவந்து, ஜீப் போகும் வழி முடிந்த இடத்திலிருந்து ஆட்கள் தூக்கிவந்தார்கள். முதல் காய் உலர்ந்து வெளியே வந்தபோது அதன் பச்சையைப் பார்க்கக் குடியிருப்பே வந்திருந்தது. மதினி வரவில்லை. அடுத்த பறிப்பிலிருந்து அக்கம்பக்கத்தார் தங்கள் மூட்டையையும் எங்களிடமே கொண்டுவர ஆரம்பித்தார்கள். த்ரீ பேஸ் லைன் மேலே வந்துவிட்டதால் வழியில் இருந்த இன்னும் இரண்டு குடும்பங்கள் அதில் சேர்ந்துகொண்டன. ஒருவர் மாவு மில் போட்டார். இன்னொருவர் எங்களைப் போலவே உலர்த்தி வாங்கினார். வீடுகளில் பிரிட்ஜ் வந்தது. மாலை நேரத்தில் மிக்சி சுற்றியது.

மதினி சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. இரண்டாவது சீசன் முடிந்ததும் ஸ்டோரை மூடிவிட்டார்கள். அடுப்புக்குழாய்களைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்தார்கள். அண்ணனுக்கு வேலை போனது.

அந்த நாட்கள் நன்றாக இல்லை. மதினி என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. அப்படி நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "டீச்சர், ஸ்கூலுக்கா?" என்று கேட்பார். "ஆமா மதினி" என்பேன். அவ்வளவுதான். அண்ணன் கொஞ்ச நாள் நிழல்மரம் கழிக்கப் போனார். ஏறி வெட்டும் வயது இல்லை அவருக்கு. பிறகு தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போனார், இருமல் வந்து விட்டுவிட்டார். என் கணவர் ஒரு நாள் தானாகவே போய், மிஷினைப் பார்த்துக்கொள்ள வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். அண்ணன் வந்து ஒரு நாள் முழுக்க அதன் முன் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் எழுந்து, "தம்பி, இதுக்கு ஆள் எதுக்கு? சும்மா ஒக்காந்து கூலி வாங்க எனக்கு ஒருமாதிரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதில் கோபம் எதுவும் இல்லை, உள்ளதைச் சொன்னார்.

கொரோனா அடங்கிச் சுற்றுலா மறுபடி சூடுபிடித்திருந்த சமயம் அது. காற்றாலை தெரியும் மேட்டுப் பக்கமெல்லாம் ரிசார்ட் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் பள்ளி முடிந்து ஷேர் ஜீப்பில் ஏறினால் எதிரே அண்ணன். சட்டையில் ஒரு ரிசார்ட்டின் பெயர் தைத்திருந்தது. முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"என்ன வேலைண்ணே?"

"தீ போடுதேன் டீச்சர்."

நான் சமையலறை அடுப்பு என்று நினைத்தேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"வர்ற ஆளுங்க சுத்தி ஒக்காந்து குளிர் காயணுமாம். கேம்ப் பயருங்காங்க. பொழுது எறங்குனதும் கட்டைய அடுக்கி நான்தான் பத்தவைக்கணும். நல்ல கட்டை டீச்சர், ஸ்டோருக்கே அப்பிடி வெறகு வந்ததில்ல. மேல காய் கெடையாது, பானை கெடையாது. சும்மா எரிக்கச் சொல்லுதாங்க."

ஜீப்பில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஸ்டோரில் வாங்கியதைவிட இங்கே கூடுதலாகவே கொடுக்கிறார்கள் என்றார். நெருப்பு முன் அவரையும் நிறுத்தி போட்டோ எடுத்துக்கொள்கிறார்களாம். வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "ஒக்காந்திருக்க வேண்டியதில்ல, பொகை இல்ல. ஆனா பத்து மணிக்கு மேல அந்த ஆட்டம் பாட்டந்தான் சகிக்கல" என்றார்.

மறுநாள் வகுப்பில் எனக்குக் கொஞ்சம் சிக்கலாகிவிட்டது. விறகு வணிகம் சாராத ஆற்றல் என்று நானே எழுதிப்போட்டிருந்தேன். ஏலக்காயை உலர்த்திக்கொண்டிருந்த காலம் வரைக்கும் அதற்குப் புத்தகத்தில் அப்படித்தான் பெயர். இப்போது அதே விறகை, எதையும் உலர்த்தாமல் எரித்து, ரிசார்ட் பில்லில் சேர்த்துவிட்டார்கள். நாட்டு வருமானத்தில் அதுவும் கூடிவிடும். இதைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, சொன்னேன். பரீட்சையில் எழுதிவிடாதீர்கள் என்றும் சொன்னேன்.

எங்களுக்குள் மறுபடி பேச்சு வந்தது அந்த வேலையால்தான். ரிசார்ட்டுக்குத் தேனி, மதுரைப் பக்கத்திலிருந்து நிறையப் பேர் வருவார்கள். காலையில் அவர்களுக்கு இட்லி வேண்டும். அங்கிருந்த சமையல்காரர் வடநாட்டுக்காரர். அவர் கை இட்லி வேகுமே ஒழிய மெத்தென்று வராது. அண்ணன் ஒரு நாள் வீட்டிலிருந்து கொண்டுபோன இட்லியை மேனேஜர் தின்று பார்த்துவிட்டு, இந்த மாவை அரைத்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். மதினி முதலில் வீட்டு கிரைண்டரில் அரைத்துக் கொடுத்தார். பக்கத்து ரிசார்ட்டிலும் கேட்டார்கள். சின்ன கிரைண்டர் சூடேறிச் சூடேறி ஒரு நாள் புகைந்து நின்றது. பெரிய கிரைண்டருக்கு அவர் வீட்டு லைன் தாங்காது.

ஒரு சனிக்கிழமை காலை மதினி எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார். மிஷின் வந்தபிறகு அவர் எங்கள் வாசலை மிதித்தது அன்றுதான். உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தார்.

"எனக்கும் த்ரீ பேஸ் வேணும் டீச்சர். ஓவர்சியரு வந்து பாத்தாரு. ரோட்டுலருந்து நேரா எங்க நெலத்துக்குள்ளயே ஏத்தலாமாம். கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். என்ன நினைக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அன்னைக்குப் போடலதான். அன்னைக்கு எனக்கு என்ன கெடைச்சுது அதுல? சொல்லுங்க. அவுக வேலதான் போச்சு."

"போச்சு மதினி."

"இன்னைக்கு எனக்கு வேணும், போடுதேன். ஒங்களுக்கும் சுத்திச் சுத்திப் போற லைனு வேண்டாம், நேரா எங்க போஸ்ட்டுலருந்தே எடுத்துக்கிடுங்க. மேலக்கம்பிய எடுத்துட்டாங்கன்னா ஒங்க நெழல்மரம் மறுபடி தழைச்சிரும்லா? ஆனா அந்தப் பலாவத் தொட விடமாட்டேன். ஓவர்சியருகிட்டயும் சொல்லிட்டேன். போஸ்ட்ட ரெண்டடி தள்ளி நடட்டும்."

என் கணவர் உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வெளியே வந்து, "மதினி, பலாக் கிளை காத்துல கம்பில விழுந்தா எங்களுக்கும் சேத்துத்தான் கரண்டு போவும்" என்றார்.

"போனா போவட்டும். வந்து சொளை தின்னும்போது மட்டும் மரம் வேணும்லா?"

இருவரும் அரை மணிநேரம் பலா மரத்துக்காகச் சண்டை போட்டார்கள். நல்ல சத்தமான சண்டை. அதைக் கேட்டுக்கொண்டு அடுக்களையில் டீ போட்ட எனக்கு, எத்தனையோ நாளாக நெஞ்சில் கிடந்த ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது. பலாவின் ஒரு பக்கக் கிளை மட்டும் போவது என்று முடிவாயிற்று.

புது லைன் வந்தது. பெரிய கிரைண்டரும் வந்தது. சுற்றுவழிக் கம்பியில் எங்கள் நிலத்தின் மேல் போன பகுதியை மட்டும் எடுத்தார்கள்; அந்த இடத்தில் மரங்கள் தழைக்கத் தொடங்கிவிட்டன, பழைய அடர்த்தி வர இன்னும் சில வருஷமாகும். ஸ்டோரில் வேலை பார்த்த மற்றவர்களில் ஒருவர் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். இன்னொருவர் இங்கேயே கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார், எப்போதும் கிடைப்பதில்லை. வழியில் அவரைப் பார்க்கும்போது என் கணவர் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் வருவார்.

ஒரு தொல்லை மட்டும் பாக்கி இருக்கிறது. கீழே உள்ள டிரான்ஸ்பார்மர் பழையதுதான். எங்கள் ஹீட்டர்கள் எல்லாம் எரியும்போது மதினி கிரைண்டரைப் போட்டால் பியூஸ் போய்விடுகிறது. பெரிய டிரான்ஸ்பார்மருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், வரும் வரும் என்கிறார்கள். அதுவரை எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. அவர் மாவு அரைக்கும் நேரம் நாங்கள் ஒரு ஹீட்டரை அணைத்துவிடுவோம். காய் ஓரளவு உலர்ந்த பிறகு அவ்வளவு சூடு வேண்டியதும் இல்லை. போன் செய்து சொல்லலாம், ஆனால் எங்கள் சரிவில் சிக்னல் நின்றால் நிற்கும், போனால் போகும். ஆகவே மதினி வாசலில் நின்று மேலே பார்த்து ஒரு குரல் கொடுப்பார்.

"டீச்சரே, அரிசி ஊறிருச்சு, அணைச்சுப் போடுங்க!"

எங்களில் யார் வீட்டில் இருந்தாலும் எழுந்துபோய் சுவிட்சைத் தட்டுவோம்.